வாக்குறுதியும் வேலியும்: அரசியலமைப்பை நாம் வாசிக்கும் விதம்

அரசியலமைப்பைப் பற்றி எமது சமூகத்தில் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று உறுப்புரைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. 9ஆம் உறுப்புரை பௌத்த மதத்துக்கு முதன்மைத் தானம் வழங்குகிறது. அதைச் சொல்லிக் கவலைப்படுகிறோம். 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை ஒவ்வோர் ஆளுக்கும் உறுதிப்படுத்துகிறது; அதைச் சொல்லி ஆறுதலடைகிறோம். 14(1)(உ) தன் மதத்தை வழிபாட்டிலும் அனுட்டானத்திலும் வெளிப்படுத்தும் உரிமையைப் பிரசைக்குத் தருகிறது. அதைச் சொல்லி உரிமை கேட்கிறோம். மேடையிலும் ஜும்ஆ உரையிலும் சஞ்சிகைக் கட்டுரையிலும் இதுவே வாய்பாடு. மிச்சமுள்ள நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உறுப்புரைகள் சட்டத்தரணிமாரின் வேலை என்று விட்டுவிட்டோம்.

"எங்கட மார்க்கத்துக்குச் சட்டத்துல எடம் ஈக்கி தானே, பொறகு என்னத்துக்குப் பயம்?" என்று அம்பிட்டியவில் எங்கள் உறவுக்கார மூத்தவர் ஒருவர் அடிக்கடி கேட்பார். 2020க்குப் பிறகு அவர் அப்படிக் கேட்பதில்லை.

இக்கட்டுரை அந்த வாசிப்பு முறை பற்றிய ஒரு விமர்சனம். அரசியலமைப்பும் ஒரு பிரதிதான். அதில் இரண்டு வகை வாக்கியங்கள் உண்டு. ஒருவகை வாக்குறுதி: இன்ன உரிமை உனக்கு உண்டு, இன்ன மதம் காக்கப்படும் என்பது. மற்றது வேலி: யார் எந்த அதிகாரத்தைப் பாவிக்கலாம், எவ்வளவு காலத்துக்கு, எவருடைய சம்மதத்தோடு, மீறினால் யார் எங்கே எத்தனை நாட்களுக்குள் முறையிடலாம் என்பது. வாக்குறுதி படிக்க இனிக்கும். வேலி படிக்கச் சலிக்கும். ஆனால் இந்நாட்டில் அரசாங்கம் ஒன்றைத் தடுத்து நிறுத்திய தருணங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே வேலை செய்திருப்பது வேலிதான். நாமோ வாக்குறுதியை மனப்பாடம் செய்துகொண்டு, வேலியை அவ்வப்போது கழற்றிக் கொடுத்திருக்கிறோம்.

ஐந்தாவது வாசகமும் கம்பளைப் பெரஹராவும்

அம்பிட்டியவிலிருந்து ஏரிக்கரைக்கு இறங்கினால் தலதா மாளிகை வளவும் அதிலுள்ள மகுல் மடுவவும் தூரமில்லை. 1815 மார்ச் 2ஆம் திகதி ஆளுநர் ரொபர்ட் பிரவுன்ரிக்கும் கண்டிப் பிரதானிகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது அந்த மண்டபத்தில்தான். அதன் ஐந்தாவது வாசகம் பௌத்த மதம் மீறப்படலாகாதது என்றும், அதன் சடங்குகளும் குருமாரும் வழிபாட்டிடங்களும் பேணிப் பாதுகாக்கப்படும் என்றும் சொன்னது. இன்றைய 9ஆம் உறுப்புரையின் வேரை அங்கே தேடுவோர் உண்டு.

அந்த வாசகம் எவ்வளவு உறுதியானது என்பதைச் சோதித்த வழக்கில் மறுபுறம் நின்றது ஒரு பள்ளிவாசல். கம்பளையில் வல்லஹகொட தேவாலையின் பெரஹரா அம்பகமுவ வீதி வழியாக மேளத்துடன் போவது வழக்கம். அவ்வீதியில் இந்தியக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களின் பள்ளி இருந்தது. பள்ளிக்கு அருகில் மேளத்தை நிறுத்த வேண்டும் என்று அதிகாரிகள் 1912இல் நிபந்தனை விதித்தார்கள். தேவாலையின் பஸ்நாயக்க நிலமே வழக்குத் தொடர்ந்தார். கண்டி மாவட்ட நீதிபதியாயிருந்த போல் ஈ. பீரிஸ் 1914 ஜூனில் தேவாலையின் பக்கம் தீர்ப்பளித்தார். ஐந்தாவது வாசகம் அரசாங்கத்தைக் கட்டும் என்பது அவர் கருத்து. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. ஒப்பந்தம் என்ன சொன்னாலும், பின்னர் வந்த பொலிஸ் கட்டளைச் சட்டமும் உள்ளூர்ச் சபைக் கட்டளைச் சட்டமும் மேலோங்கும் என்றது.

எமது சரித்திர நூல்களில் இவ்வழக்கு அவ்வருட மே மாதக் கலவரத்துக்கு முன்னுரையாகவே வருகிறது. மே 28 இரவு கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளியருகே தொடங்கிய கலவரம் நாட்டின் பல மாகாணங்களுக்குப் பரவி, முஸ்லிம்களின் உயிரையும் கடையையும் பள்ளியையும் அழித்தது. அதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. வழக்கின் சட்டப் பொருளைப் பற்றி நாம் எழுதியது குறைவு.

அதன் பொருள் இதுதான். மன்னராட்சியை ஒப்படைத்த ஆவணத்தில் எழுதி வாங்கிய ஒரு மத வாக்குறுதி, ஒரு சாதாரண கட்டளைச் சட்டத்தின் முன் நிற்க முடியவில்லை. ஏனெனில் அந்த ஒப்பந்தம் வாக்குறுதியைச் சொன்னது; அதற்கு எதிரான சட்டம் செல்லாது என்று சொல்லவில்லை; எந்த மன்றம் அதைக் காக்கும் என்றும் சொல்லவில்லை. அன்று அந்த விதி எமக்குச் சாதகமாக விழுந்தது. அதே விதி எமக்கு எதிராக விழ நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் சென்றது. அதற்கும் காரணமாயிருந்தது ஒரு பழைய கட்டளைச் சட்டமே. அதைப் பின்னால் பார்ப்போம்.

1915இல் இன்னொன்றும் நடந்தது. கலவரத்தை அடக்க ஜூன் மாதத்தில் இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. அதன்கீழ் சிங்களத் தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டார்கள்; ஹென்றி பேத்ரிஸ் என்ற இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் அதிகாரிகள் செய்தவற்றுக்கு எதிராக வழக்குத் தொடர முடியாதபடி பாதுகாப்பு ஆணையும் வந்தது. எமது உயிரைக் காக்க வந்ததாகச் சொன்ன அதிகாரம் வரம்பில்லாமல் நடந்துகொண்டபோது, அதன் வடு இரு சமூகங்களின் உறவிலும் தங்கிவிட்டது. வரம்பற்ற அரசாங்கம் எமக்குச் சார்பாக இருந்தாலும் எமக்கு நன்மையில்லை என்பதை அப்போதே படித்திருக்க வேண்டும்.

29(2) தோற்றதும் 29(4) வென்றதும்

1946இன் சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு சிறுபான்மையோரின் கேடயம் என்று போற்றப்பட்டது. எந்த மதத்தின் சுதந்திரமான அனுட்டானத்தையும் பாராளுமன்றம் தடைசெய்ய முடியாது. மற்றச் சமூகங்களுக்கு இல்லாத இடர்ப்பாட்டை ஒரு சமூகத்தின் மீது சுமத்த முடியாது. சொற்கள் வலிமையானவைதான்.

1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. கண்டியைச் சுற்றிய மலைகளில் தேயிலைக் கொழுந்து பறித்த இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் நாடற்றவர்களானார்கள். தொடர்ந்து வாக்கும் பறிபோனது. 29(2)ஐக் காட்டி வழக்குப் போனது. 1951இல் இங்குள்ள உயர் நீதிமன்றமும், 1953இல் கொடக்கன் பிள்ளை வழக்கில் லண்டன் கோமறைக் கழகமும் அச்சட்டத்தில் குறையில்லை என்றன. சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. பிரசை யார் என்று தீர்மானிப்பது அரசின் இயல்பான உரிமை என்பது நியாயம். கேடயம் இருந்தும் அடி விழுந்தது.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 1964இல், அதே கோமறைக் கழகம் முற்றிலும் வேறான ஒரு வழக்கைத் தீர்த்தது. இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க. இலஞ்சக் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்ட ஒருவர், தன்னை விசாரித்த நியாயசபையின் உறுப்பினர்கள் நீதிச் சேவை ஆணைக்குழுவால் நியமிக்கப்படவில்லை என்றார். அந்த நியமன முறையை மாற்றிய சட்டம் உண்மையில் அரசியலமைப்பைத் திருத்துகிறது. அப்படியானால் 29(4) கேட்கும் மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் அதற்கான சபாநாயகரின் சான்றிதழும் எங்கே என்பது கேள்வி. சான்றிதழ் இல்லை. தண்டனை ரத்தானது. அத்தீர்ப்பின் போக்கில், 29(2) என்பது பிரசைகளுக்கிடையிலான புனிதமான சமநிலை, அதை மாற்ற முடியாது என்ற கருத்தையும் நீதியரசர்கள் சொன்னார்கள். எமது எழுத்தாளர்கள் மேற்கோள் காட்டுவது இந்தப் பகுதியைத்தான்.

எனக்கு முக்கியமாகப் படுவது மற்றப் பகுதி. ஒரு முழுச் சமூகத்தின் நியாயமான முறைப்பாட்டைக் காக்க முடியாத அரசியலமைப்பு, ஒரு தனிமனிதரின் முறைப்பாட்டைக் காத்தது. அவருடைய வழக்கு உயர்ந்தது என்பதால் அன்று. அவர் கையில் பிடித்த வாக்கியம் வேலி வகையைச் சேர்ந்தது. இத்தனை வாக்கு வேண்டும், இந்தச் சான்றிதழ் வேண்டும், இன்னார்தான் நியமிக்க வேண்டும் என்பவை உண்டா இல்லையா என்று எண்ணிப் பார்க்கக் கூடியவை. "இடர்ப்பாடு" என்ற சொல்லுக்கு நீதிபதி பொருள் சொல்ல வேண்டும். சான்றிதழைக் கண்ணால் பார்த்தாலே போதும்.

1972இன் குடியரசு அரசியலமைப்பு 29(2)ஐ இல்லாமலாக்கியது. சட்டமாகிவிட்ட ஒன்றை நீதிமன்றம் கேள்வி கேட்கும் வழியையும் அடைத்தது. 1978இன் அரசியலமைப்பு 80(3)ஆம் உறுப்புரையில் அந்த அடைப்பைத் தொடர்ந்தது. சட்டமூலமாக இருக்கும்போது, பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய சில நாட்களுக்குள் வழக்குப் போட்டால் உண்டு. சபாநாயகர் சான்றளித்த பின் எந்த மன்றத்திலும் பேச்சில்லை. 29(2) போனதை நினைத்து நாம் இன்றும் வருந்துகிறோம். 80(3)ஐப் பற்றி எமது மேடைகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இரண்டு டிசம்பர்கள்

ஒரே நீதிமன்றம், ஒரே 126ஆம் உறுப்புரையின் கீழ், இரண்டு வருட இடைவெளியில் இரண்டு பெரிய விடயங்களைக் கையாண்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் பாதிப் பாடம் விளங்கிவிடும்.

2018 ஒக்டோபர் 26இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை நீக்கி மஹிந்த ராஜபக்ஷவை நியமித்தார். நவம்பர் 9இல் பாராளுமன்றத்தைக் கலைத்தார். முஸ்லிம் காங்கிரஸ் உள்ளிட்ட கட்சிகளும் சிவில் அமைப்புகளும் அடிப்படை உரிமை மனுக்களோடு போயின. நான்கு நாட்களில் இடைக்காலத் தடை. டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்கள் ஏகமனதாக, நீண்ட காரணங்களோடு, கலைப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். நாலரை வருடம் முடியுமுன் கலைப்பதானால் பாராளுமன்றத்தின் மூன்றிலிரண்டு பங்கினர் தீர்மானம் எடுத்துக் கேட்க வேண்டும் என்று 70(1) அன்று சொன்னது. அப்படிக் கேட்கவில்லை. ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ செயலை அடிப்படை உரிமை மனுவால் கேள்வி கேட்கலாம் என்று 35ஆம் உறுப்புரை அன்று சொன்னது. இரண்டு வாக்கியங்களும் 2015இன் 19ஆவது திருத்தம் நட்ட வேலிகள். அவை இல்லாதிருந்தால் மனு வாசலிலேயே நின்றிருக்கும்.

2020 ஏப்ரல் 11இல், கொவிட் தொற்றால் இறந்தவர்களைத் தகனம் செய்வதே கட்டாயம் என்ற ஒழுங்குவிதி வர்த்தமானியில் வந்தது. அதற்கு அதிகாரம் தந்தது 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதத்திலேயே வழிகாட்டியிருந்தது. உயர் நீதிமன்றத்துக்கு 11 மனுக்கள் போயின. டிசம்பர் 1இல் மூவர் கொண்ட ஆயம், இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், விசாரணையைத் தொடர அனுமதி மறுத்தது. காரணம் சொல்லப்படவில்லை. அதே மாதத்தில் பிறந்து 20 நாட்களான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது.

இங்கே பிரதியை நிதானமாகப் படிக்க வேண்டும். 10ஆம் உறுப்புரைக்கு எந்த மட்டுப்பாடும் இல்லை. 15ஆம் உறுப்புரை அதைத் தொடுவதில்லை. மாற்றுவதானால் மூன்றிலிரண்டும் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். ஆனால் அது காப்பது உள்ளத்து நம்பிக்கையை. கஃபனிட்டு, தொழுவித்து, மண்ணில் வைப்பது அனுட்டானம். அது 14(1)(உ)இன் கீழ் வருகிறது. 14ஐ 15(7)ஆல் மட்டுப்படுத்தலாம். பொதுச் சுகாதாரம் அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எமது மேடைகள் 10ஐயும் 14ஐயும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியதால், இரண்டுக்கும் நடுவே இருந்த இந்தப் பள்ளம் எமக்குத் தெரியவில்லை.

15(7)இலும் இரண்டு கேள்விகள் உண்டு. இந்திய அரசியலமைப்பின் 19ஆம் உறுப்புரை "நியாயமான" மட்டுப்பாடுகளையே அனுமதிக்கிறது. தென்னாபிரிக்காவின் 36ஆம் பிரிவு மட்டுப்பாடு நியாயமானது, நியாயப்படுத்தத் தக்கது என்று காட்டச் சொல்கிறது. எமது 15இல் அந்தச் சொல்லே இல்லை. பொதுச் சுகாதாரத்தின் "நலன் கருதி" என்றால் போதும். எந்தளவு அவசியம், வேறு வழி இருந்ததா என்று பிரதி கேட்பதில்லை. நீதிமன்றம் தானாக அதை வாசித்துச் சேர்த்தால் உண்டு.

இரண்டாவது கேள்வி எமக்குச் சாதகமானது. மட்டுப்பாடு "சட்டத்தால்" விதிக்கப்பட வேண்டும் என்கிறது 15(7). சட்டம் என்றால் பாராளுமன்றச் சட்டமும் முன்பிருந்த சட்டங்களும் என்று 170ஆம் உறுப்புரை பொருள் தருகிறது. பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளை மட்டும் 15(7) அதோடு சேர்த்துக்கொள்கிறது. அப்படியானால் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைச்சர் செய்த ஒழுங்குவிதி "சட்டம்" ஆகுமா? நான் சட்டத்தரணியல்ல, ஆகாது என்றே என் வாசிப்பு சொல்கிறது. பிழையாகவும் இருக்கலாம். பிழையென்றால் ஏன் பிழை என்று நீதிமன்றத்திடமிருந்து அறிய வேண்டியிருந்தது. காரணம் எழுதாத முடிவை ஆதரிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அடுத்த வழக்கில் மேற்கோள் காட்டவும் முடியாது. அடிப்படை உரிமை மனுவை மறுக்கும்போது காரணம் எழுத வேண்டும் என்று 126ஆம் உறுப்புரை கட்டாயப்படுத்தவில்லை. எரிக்கப்பட்ட ஜனாஸாக்கள் விழுந்த ஓட்டை அதுவும்தான்.

இன்னோர் ஒப்பீடு. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் முகத்தை மூடும் உடை தடைசெய்யப்பட்டது. அது அவசரகால ஒழுங்குவிதி. அவசரகாலப் பிரகடனம் ஒரு மாதத்துக்கே செல்லும். பாராளுமன்றம் ஒவ்வொரு மாதமும் புதுப்பிக்க வேண்டும் என்கிறது 155ஆம் உறுப்புரை. ஓகஸ்டில் புதுப்பிக்கப்படவில்லை, தடையும் அதோடு போனது. தகன ஒழுங்குவிதிக்கு முடிவுத் திகதி இல்லை. அது பத்து மாதத்துக்கும் மேல் நின்றது. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து போன மறுநாள், 2021 பெப்ரவரி 25 திகதியிட்ட வர்த்தமானியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் 5 முதல் ஒட்டமாவடி மஜ்மா நகருக்கு, கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும், ஜனாஸாக்களை ஏற்றிக்கொண்டு போனோம். அரசாங்கம் மன்னிப்புக் கேட்க 2024 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எமக்கு உரிமையாக வரவேண்டியது தயவாக வந்தது.

நாம் கழற்றிக் கொடுத்த வேலிகள்

இனிச் சொல்லப்போவது எமது வீட்டு விடயம்.

2010 செப்டம்பர் 8இல் 18ஆவது திருத்தம் 161க்கு 17 என்ற வாக்கில் நிறைவேறியது. ஜனாதிபதி இரு தடவைக்கு மேல் போட்டியிட முடியாது என்ற வரம்பை அது நீக்கியது. சுயாதீன ஆணைக்குழுக்களுக்கும் உயர் நீதியரசர் பதவிகளுக்குமான நியமனங்களில் ஜனாதிபதியைக் கட்டுப்படுத்திய அரசியலமைப்புப் பேரவையையும் இல்லாமலாக்கியது. முஸ்லிம் காங்கிரஸ் ஆதரித்து வாக்களித்தது. 2020 ஒக்டோபர் 22இல் 20ஆவது திருத்தம் 156க்கு 65 என்று நிறைவேறியது. அரசியலமைப்புப் பேரவையின் இடத்தில் அபிப்பிராயம் மட்டும் சொல்லக்கூடிய பாராளுமன்றப் பேரவை வந்தது. ஜனாதிபதிக்கு எதிரான அடிப்படை உரிமை மனுவின் கதவை மீண்டும் மூடச் சட்டமூலம் முயன்றது; நிறைவேறிய திருத்தத்தில் அது மூடப்படவில்லை. நாலரை வருடம் இரண்டரை வருடமானது. முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எதிர்த்து வாக்களித்தார். அவருடைய கட்சியின் மற்ற உறுப்பினர்களில் அநேகர் ஆதரித்தார்கள். அன்று எமது ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் இதே கட்சியை நீதிமன்றத்தில் வெல்லவைத்த வேலிகளில் ஒன்றே அன்று தளர்த்தப்பட்டது.

இதற்குச் சொல்லப்படும் நியாயத்தை ஒதுக்கிவிடக் கூடாது. சிறுபான்மைக்கு எண்ணிக்கை இல்லை. பலமான ஜனாதிபதியோடு பேசி வாங்குவதே நடைமுறை. ஆணைக்குழுவும் பேரவையும் கொழும்புக் கனவான்களின் விளையாட்டு என்பார்கள். வேலி இருந்தபோது மட்டும் எமக்குப் பாதுகாப்பு இருந்ததா என்றும் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 19ஆவது திருத்தம் நடைமுறையில் இருந்தபோதுதான் 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் எமது வீடுகள் எரிந்தன. அவசரகாலம் பிரகடனமானது மார்ச் 6இல், ஊரடங்கும் இருந்தது, அப்படியிருந்தும் தாக்குதல்கள் தொடர்ந்தன.

என் பதில் இரண்டு. ஒன்று, பலமான ஜனாதிபதிமாரின் காலத்திலும் எரிந்தது. 2014 ஜூனில் அளுத்கம எரிந்தபோது 18ஆவது திருத்தத்தின் முழு அதிகாரமும் ஒரே கையில் இருந்தது. திகனையிலும் அரசாங்கத்திடம் அதிகாரம் குறைவாயிருக்கவில்லை. இருந்த அதிகாரம் எமக்காகப் பாவிக்கப்படவில்லை. இன்னும் கொஞ்சம் அதிகாரத்தை அள்ளிக் கொடுத்தால் இது மாறும் என்பதற்கு அனுபவத்தில் ஆதாரம் இல்லை. இரண்டு, அரசியலமைப்பு எல்லாவற்றையும் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. கும்பலைத் தடுப்பது பொலிசும் அயலாரும் அரசியல் துணிவும். வேலி தடுப்பது அரசாங்கமே செய்கிற அநியாயத்தை. தகனம் அப்படியான ஒன்று. அதைச் செய்தது கும்பலன்று, வர்த்தமானி.

எமது இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். 16(1)ஆம் உறுப்புரை, 1978க்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயிருந்தாலும் செல்லும் என்கிறது. 1951இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைக் காப்பது அது என்பதால், அதை எமது கோட்டை என்று நினைத்துக்கொண்டோம். அதே உறுப்புரைதான் 1897இன் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தையும், பழைய பொலிஸ் சட்டங்களையும் காக்கிறது. விவாகச் சட்டத்தில் தமக்கு அநீதி இருக்கிறது என்று சொல்லும் எமது பெண்களுக்கு நீதிமன்றக் கதவு மூடியிருப்பதும் அதனால்தான். முரண்பட்டாலும் செல்லும் என்ற ஒரு வரி யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்று தெரிவு செய்து வேலை செய்வதில்லை. அதை விரும்புவோர் அதன் முழு விலையையும் தெரிந்து விரும்பட்டும்.

இனி எதைப் படிப்பது

புதிய அரசியலமைப்பு ஒன்றைக் கொண்டுவருவதாக, 2024இல் ஆட்சிக்கு வந்த தரப்பு தன் விஞ்ஞாபனத்தில் வாக்களித்திருக்கிறது. வரைவு வந்ததும் எங்கட ஆக்கள் முதலில் மதம் பற்றிய உறுப்புரையைப் புரட்டுவார்கள். முதன்மைத் தானம் அப்படியே இருக்கிறதா, எமக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும். அதற்கு முன் வேறு ஐந்து இடங்களைப் படிக்கும்படி கேட்கிறேன்.

உரிமைகளை மட்டுப்படுத்தும் உறுப்புரையில் "நியாயமான", "அவசியமான" போன்ற சொல் உண்டா? மட்டுப்படுத்துவதற்குப் பாராளுமன்றச் சட்டம் வேண்டுமா, அமைச்சரின் வர்த்தமானி போதுமா? சட்டமான பின்னும் ஒரு சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாமா? மனுவை மறுக்கும் நீதிமன்றம் காரணம் எழுத வேண்டுமா? முறையிடக் கால எல்லை எவ்வளவு?

கடைசிக் கேள்வி சிறியதுபோலத் தெரியும். 126(2)இன்படி உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள், கொழும்பில் உள்ள உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். கணவனை இழந்த முஸ்லிம் பெண்ணுக்கு இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். கணவனின் உடல் எரிக்கப்பட்ட ஒரு பெண் இத்தாவை முடித்துக்கொண்டு வெளியே வரும்போது, அரசியலமைப்பு அவளுக்குத் தந்த காலம் முடிந்து மூன்று மாதத்துக்கும் மேலாகியிருக்கும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை ஜமாஅத்துகளில் இது அறிவிக்கப்பட்டது? கண்டியின் பள்ளி நிர்வாகங்கள் இதைப் பலகையில் எழுதிப் போட்டிருந்தால் யாருக்காவது உதவியிருக்கும்.

மதீனாவின் ஸஹீஃபாவை நாம் சமயங்களின் சகவாழ்வுக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டுகிறோம். அது சகவாழ்வை வாக்களித்ததோடு நிற்கவில்லை. உடன்பட்டவர்களிடையே பிணக்கு வந்தால் யாரிடம் கொண்டுபோவது என்பதையும் எழுதி வைத்தது. அபூபக்கர் (ரலி) கிலாபத்தை ஏற்றபோது, தான் தவறினால் திருத்தும்படி மக்களிடம் கேட்டதாக வரலாறு சொல்கிறது. ஆளுபவருக்கு வரம்பு வேண்டும் என்பது எமக்கு இரவல் கருத்தல்ல.

கண்டியிலிருந்து சட்டத்தரணியாகத் தொழில் செய்துகொண்டே 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்தி லெப்பையின் வழியில் வந்ததாகவே எமது சஞ்சிகைகள் பெருமைப்படுகின்றன. அவருடைய நினைவு விழாவில் செலவாகும் நேரத்தில் ஒரு பகுதியையாவது, வரப்போகும் வரைவை உறுப்புரை உறுப்புரையாகத் தமிழில் விளக்கச் செலவிடலாம். ஜனாஸாவை அடக்குவது பர்ளு கிஃபாயா; ஊரில் சிலர் செய்தால் எல்லோர் பொறுப்பும் நீங்கும், ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். அடக்கும் உரிமையைக் காக்கும் வாக்கியங்களைப் படித்து வைப்பதும் அதே கடமையின் ஒரு பகுதி என்றே 2020க்குப் பின் நான் கருதுகிறேன். வரைவு எமது கைக்கு வந்து சேரும் நாளிலிருந்து ஆட்சேபிக்கக் கிடைப்பது சில நாட்களாகவே இருக்கும். அப்போது படிக்கத் தொடங்கினால் நேரம் போதாது.